செடியை வளைத்துக் கட்டலாமா? மாடித்தோட்டக் கேள்வி பதில்

அண்ணாச்சி, மாடியில் வைத்த மிளகாய் ஒற்றைத் தண்டாக மேலேயே போகிறது. வளைத்துக் கட்டினால் காய் கூடுமா? (பாளையங்கோட்டை)

கூடும். நுனிக்குருத்தில் ஆக்சின் என்ற ஊக்கி சுரந்து தண்டு வழியே கீழே இறங்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழ்க்கணுக்களின் மொட்டுகள் தூங்கும். தண்டைச் சாய்த்து, நுனியை மற்ற கணுக்களின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அந்த அதிகாரம் தளர்ந்து, பக்கக் கிளைகள் நிமிர்ந்து எழும். வெயிலும் எல்லாக் கிளைக்கும் விழும். நுனியைக் கிள்ளினாலும் கிளைக்கும்தான். ஆனால் கிள்ளிய செடி கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு நிற்கும். வளைத்த செடி நிற்காமல் வளரும். எனக்கு வளைப்பதுதான் பிடிக்கும்.

தையல் நூலில் கட்டினேன், தண்டு அறுபட்டுவிட்டது. எப்போது, எதனால் கட்டுவது? (அம்பாசமுத்திரம்)

நூலும் கம்பியும் வேண்டாம் தங்கச்சி. பூக்கட்டும் வாழை நார் போதும், இல்லையென்றால் பழைய வேட்டிக் கிழிசல். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்கும் அல்லவா?

ஆறேழு இலை விட்டு, தண்டு பச்சையாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு வளைத்தால் விறைப்பில் படக்கென்று ஒடியும். சாயங்காலம், ஊற்றுவதற்கு முன், இலை லேசாகத் துவளும் நேரம் பார்த்து வளையுங்கள். முதலில் அடித்தண்டை, வளைக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, தொட்டி விளிம்போடு கட்டிவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் இழுக்கும்போது வேர் அசைகிறது. அப்புறம் நுனியை மெல்ல இறக்குங்கள். ஒரே நாளில் தரைக்குக் கொண்டுவர வேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக.

மறுநாளே நுனி மேலே திரும்பிவிட்டதே? (மேலப்பாளையம்)

திரும்பத்தான் செய்யும், புவியீர்ப்பை உணர்ந்து எழுகிறது. பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வாரம் ஒரு முறை நார் முடிச்சை நகர்த்தி, வளர்ந்த பகுதியைச் சாய்த்துவிடுங்கள்.

தக்காளித் தண்டு ஒடிந்து தொங்குகிறது. (பேட்டை)

பட்டை ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் சேர்த்து வைத்து, டேப் சுற்றி, குச்சி முட்டுக் கொடுங்கள், கூடிக்கொள்ளும். துண்டாகிவிட்டதா? ஈர மண்ணில் நடுங்கள், வேர் விடும்.

பன்னீர் ரோஜா, குண்டுமல்லி, முருங்கை மூன்றையும் வளைக்கலாமா? (சங்கரன்கோவில்)

ரோஜாவின் நீளக் கம்புகளைக் கட்டாயம் சாய்த்துக் கட்டுங்கள். நுனியில் மட்டும் பூத்தது கணுவுக்குக் கணு பூக்கும். குண்டுமல்லி புதுத் தளிரில் பூப்பது. அதற்குக் கார்த்திகை, மார்கழியில் கவாத்துத்தான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான் சரி. முருங்கை வேண்டவே வேண்டாம், தொட்டாலே ஒடியும். நுனியைக் கிள்ளிவிடுங்கள். தொட்டியில் கொய்யா இருந்தால் செய்து பாருங்கள். நிமிர்ந்த கிளையை வளைத்துக் கட்டினால் பூ எடுக்கும்.

ஆடிக் காற்றுக்குத் தாங்குமா? (தென்காசி)

உயரச் செடியைவிட நன்றாகவே தாங்கும், தொட்டியும் கவிழாது. கத்திரியில் மட்டும், காய் பிடித்த பிறகு கிளைக்கு ஒரு முட்டுக் கொடுங்கள்.

குரோ பேக்கில் நாரை எங்கே கட்டுவது? (வள்ளியூர்)

விளிம்பில் ஓட்டை போட்டால் கிழியும் தம்பி. பையின் இடுப்பில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதில் நாரை முடியுங்கள்.