அடங்கி அடங்கித் திரும்பி வரும் படர்தாமரை

கேள்வி: தாராவியில் ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர் வசிக்கிறோம். கணவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீமைத் தடவினால் மூன்றே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது எனக்கு இடுப்பிலும் மகளுக்குக் கழுத்திலும் வந்துவிட்டது. ரத்தம் கெட்டிருக்குமா?

பதில்: ரத்தத்தின்மேல் பழி போடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் குணமாகத் தாமதமாகும் என்பதால், கணவருக்கு அதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது அந்தப் பூஞ்சை. நடுவில் ஆறிக்கொண்டே வெளிப்பக்கம் பரவுவதால் வளையம் உண்டாகிறது. செதில்விட்டுத் தடித்திருக்கும் ஓரத்தில்தான் அது மும்முரமாக இருக்கும்.

உங்கள் வீட்டு டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கிவிடும். மேலே அமைதி, அடியில் கொண்டாட்டம். மாதக்கணக்கில் தடவினால் வளையமே உருமாறி மருத்துவருக்குக்கூடச் சட்டென்று பிடிபடாது. தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடுகள் முழுதாக மறைவதில்லை. இத்தகைய பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கேட்டதும் எடுத்து நீட்டும் பழக்கம்தான் ஓயவில்லை.

கிரீமை நிறுத்தியதும் சில நாட்கள் அரிப்பு கூடும். பயந்து மறுபடி அதையே எடுக்க வேண்டாம். பழைய டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மூவரும் ஒரே நாளில் தோல் மருத்துவரிடம் போங்கள்; சயான் மாநகராட்சி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்று தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் தொற்று வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும், 2020-இல்தான் தனிப் பெயர் பெற்ற டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை, டெர்பினஃபின் மாத்திரைக்குப் பல சமயம் மசிவதில்லை.

மருத்துவர் தரும் கிரீமை வளையத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை சேர்த்துத் தடவுங்கள். தோல் தெளிந்த பிறகும் அவர் சொல்லும் நாள்வரை, பெரும்பாலும் இன்னும் இரண்டு வாரமாவது, தொடர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இடுப்பில் என்கிறீர்களே, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடமா? வியர்வை தங்கும் அந்தப் பட்டைதான் பூஞ்சைக்குப் பிடித்த இடம். கணவர் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடட்டும். மாதக்கணக்கில் ஈரம் குடித்த கறுப்புக் கயிறு எத்தனை மருந்து போட்டாலும் தொற்றைத் திருப்பிக் கொடுக்கும். கூட்ட நெரிசலான லோக்கல் ரயிலில் ஜீன்ஸ் போட்டு நிற்பதையும் குணமாகும்வரை தவிர்க்கலாம். துண்டு ஆளுக்கொன்று. துணிகளை வெந்நீரில் தனியாகத் துவையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் துணி காய்வதே பெரும்பாடு. மின்விசிறியின் கீழ் அரைகுறையாகக் காய்ந்ததை அப்படியே உடுத்தாமல், தையல் மடிப்புகளில் அழுத்தி இஸ்திரி போடுங்கள்.

பூண்டு அரைத்துப் பூசச் சொல்வார்கள். தொடையிடுக்கில் பூசினால் தோல் வெந்து புண்ணாகும், வேண்டாம்.

மகளின் தலையையும் விலக்கிப் பாருங்கள். முடி உடைந்து, செதிலோடு சொட்டைத் திட்டு தெரிந்தால் மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். தலைக்குள் இறங்கிய பூஞ்சைக்குக் கிரீம் எட்டாது. அதற்கு வாய்வழி மருந்து தேவை.