கோளாறு கழுத்தில், நீர் நெஞ்சில்!

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நாலைந்து மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகம் உப்பி, குரலும் கட்டிவிட்டது. எக்கோ எடுத்ததில் இதயத்தைச் சுற்றி நிறைய நீர் கோத்திருக்கிறதாம். டி.பி., புற்றுநோய்ப் பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. தைராய்டு ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.ஹெச். மட்டும் 100-க்கு மேல். நாடித்துடிப்பு 56. டாக்டர் நீரை எடுக்காமல் தைராய்டு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். சொந்தக்காரர்களோ, 'எதற்கும் டி.பி. மாத்திரையை ஆரம்பித்துவிடு' என்கிறார்கள். என்ன செய்வது?

- ஒரு வாசகி, தேனி

பதில்: சொந்தக்காரர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள். மாத்திரை விஷயம் டாக்டரிடமே இருக்கட்டும்.

இதயத்தைச் சுற்றி நீர் என்றாலே நம் நாட்டில் முதலில் டி.பி.யைத்தான் தேடுவோம். அதில் தவறில்லை. உங்கள் டாக்டரும் தேடியிருக்கிறார். ஆனால் டி.பி. மாத்திரையை 'எதற்கும்' என்று போடக் கூடாது. அதில் இருக்கும் ஐசோனியசிட், அபூர்வமாகச் சிலருக்கு இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் தானே நீர் கோக்க வைக்கும்!

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 56. நீர் இதயத்தை நெருக்கினால் நாடி ஓட்டமெடுக்கும், 100-ஐத் தாண்டும். இவ்வளவு நீர் இருந்தும் நாடி ஆடி அசைந்து நடக்கிறது என்றால், தைராய்டைச் சந்தேகி என்பதுதான் எங்களுக்குப் பாடம். உப்பிய முகமும் கட்டிய குரலும் அதே கட்சி.

டி.எஸ்.ஹெச். இப்படி எகிறினால், கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அது குறைந்தால் நுண் ரத்தக்குழாய்களிலிருந்து புரதம் கசியும். கூடவே நீரும் வரும். அதை வடித்தெடுக்க வேண்டிய நிணநீர்க் குழாய்களும் மந்தமாகிவிடும். சாதாரணமாக இதய உறைக்குள் 50 மில்லிக்குள்தான் திரவம் இருக்கும். காயம்பட்டு ரத்தம் திடீரென்று கொட்டினால் 200 மில்லியே உயிருக்கு உலை வைக்கும். மாதக்கணக்கில் மெல்லச் சேரும்போது, புது மாப்பிள்ளையின் பெல்ட் மாதிரி உறையும் தளர்ந்து கொடுக்கும். ஒரு லிட்டர் இருந்தும் நடமாடுகிறவர்கள் உண்டு.

அதனால்தான் ஊசி போட்டு எடுக்கவில்லை. ஹார்மோன் சரியானால் நீர் தானே வற்றும். வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில். வயதானவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கித்தான் ஏற்றுவோம். அவசரப்பட்டால் இதயம் தாங்காது. மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணி நேரமாவது கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. டாக்டர் சொல்லும் தேதியில் எக்கோவைத் தவறவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, தலைசுற்றி விழுவது, கழுத்து நரம்பு புடைப்பது என்று ஏதாவது வந்தால் ராத்திரி என்றும் பாராமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: முடி கொட்டுகிறதென்று தம்பி மினாக்சிடில் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது கால் வீங்குகிறது. சம்பந்தம் உண்டா?

- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உண்டு. அது ரத்த அழுத்தத்துக்காக வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முடி முளைத்ததைப் பார்த்துத்தான் வழுக்கைப் பக்கம் திரும்பினார்கள். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இதய உறையிலும் நீர் கோக்கலாம் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. முடிக்குத் தரும் சிறிய அளவில் இது அபூர்வம்தான். ஆனாலும் தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, எடையையும் குறித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கட்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு கனத்தாலோ அன்றைக்கே எக்கோ.