கேள்வி – பதில்: தஞ்சைக் கிராமங்களின் அரசியலைப் படிக்க

கேள்வி: காவிரி டெல்டாவின் அரசியல் மாற்றத்தை ஆராய்ந்த நூல்களில் எதை முதலில் படிக்கலாம்?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி.

பதில்: சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற நூலிலிருந்து தொடங்குங்கள். ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டுத் தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த அவர், நிலமும் சாதி உயர்வும் அதிகாரமும் ஒரே கையில் குவிந்திருந்த நிலை மாறி, வாக்குரிமையும் பஞ்சாயத்தும் வந்தபின் ஊரின் அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் நகர்ந்ததை நுட்பமாகக் காட்டுகிறார். விவசாயத் தொழிலாளரின் நிலையை அறிய, 1950-களிலும் மீண்டும் 1976-இலும் இம்மாவட்டத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் கேத்லீன் காஃப் எழுதியவையே எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. அவற்றுடன் 1952-ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும், 1968-இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியைப் பற்றிய பதிவுகளையும் அவசியம் சேர்த்துப் படியுங்கள்.