உபுண்டுவில் ஜாவா இருந்தும் ஃபயர்ஃபாக்ஸில் ஆப்லெட் ஏன் திறப்பதில்லை?

கேட்டிருப்பது இதுதான்: உபுண்டு லினக்ஸில் ஜாவா 17 நிறுவியாகிவிட்டது, டெர்மினலில் பதிப்பு எண்ணும் சரியாக வருகிறது. ஆனால் பழைய நெட்வொர்க் சுவிட்சின் (கணினிகளைக் கேபிளில் இணைக்கும் பெட்டி) நிர்வாகப் பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால், ஆப்லெட் (பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

முதலில், ஜாவாவை நீக்கி மறுபடி நிறுவாதீர்கள். இதே போன்ற ஒரு சுவிட்சுக்காக நான் இரண்டு இரவுகள் அதைச் செய்தேன். கணினியில் ஐந்து ஜாவாக்கள் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஜாவா வேறு, உலாவிக்குள் ஜாவாவை ஓட்டும் பிளக்-இன் வேறு. அந்தப் பிளக்-இன் உலாவியோடு பேசிய வழிக்கு என்பிஏபிஐ என்று பெயர். நெட்ஸ்கேப் காலத்து ஏற்பாடு. லினக்ஸில் குரோம் 2014 மே மாதத்திலேயே, 35ஆம் பதிப்பில், அதைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்போடு நிறுத்தியது. ஃப்ளாஷுக்கு மட்டும் கொஞ்ச காலம் சலுகை இருந்தது. மறுபக்கம் ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா 11இல் பிளக்-இன்னையே எடுத்துவிட்டது. இரு பக்கமும் கதவை அடைத்துவிட்டார்கள். நாம் சாவியை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்? ஐஸ்டீ-வெப் (அந்தப் பிளக்-இன்னுக்கு மாற்றான திறமூல வடிவம்) நிறுவு, மொசில்லா அடைவுக்குள் லிங்க் போடு என்று சொல்லும் பழைய குறிப்புகளெல்லாம் அந்தக் காலத்துக்கு உரியவை. அப்போதும் 32 பிட் உலாவிக்கு 64 பிட் பிளக்-இன்னைக் கொடுத்தால் வேலை நடக்காது.

எனக்குக் கைகொடுத்தது உலாவியையே விட்டுவிடும் வழி. ஜாவா 8இன் ஜேடிகே என்ற நிரலாளர் தொகுப்பில் ஆப்லெட்வியூவர் என்றொரு சிறு கருவி இருக்கிறது. உபுண்டுவின் களஞ்சியத்தில் அந்தத் தொகுப்பின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகே 8 கிடைக்கும். உங்கள் ஜாவா 17க்குப் பக்கத்திலேயே அதையும் வைத்துக்கொள்ளலாம். கருவியை அதன் முழுப் பாதையோடு அழைத்து, சுவிட்சின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

எனக்கு முதல் முயற்சியில் ஆப்லெட் எதுவும் தொடங்கவில்லை என்ற எச்சரிக்கைதான் வந்தது. உலாவியில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். பக்கம் மூன்று ஃபிரேம்களாக, அதாவது தனித்தனிக் கோப்புகளைக் காட்டும் கட்டங்களாக, பிரிந்திருந்தது; ஆப்லெட் நடுவிலிருந்த ஃபிரேமுக்குள் ஒளிந்திருந்தது. இந்தக் கருவி ஆப்லெட் இருக்கும் குறிச்சொல்லை மட்டுமே தேடும், ஃபிரேமுக்குள் எட்டிப் பார்க்காது. அந்த உள் கோப்பின் முகவரியை நேராகக் கொடுத்ததும் சிறிய சாம்பல் நிறச் சாளரம் திறந்து, 24 போர்ட்டுகளும் பச்சைப் புள்ளிகளாக வந்து நின்றன.

உங்கள் சுவிட்ச் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் பேசும் என்றால் இன்னொரு இடத்தில் முட்டும். பழைய சாதனங்களுக்குத் தெரிந்த எஸ்எஸ்எல் 3, டிஎல்எஸ் 1.0 போன்ற பழைய குறியாக்க முறைகளை ஜாவா 8இன் பிந்தைய அப்டேட்டுகள் தடுத்துவிட்டன. ஜாவா 8இன் செக்யூரிட்டி அமைப்புக் கோப்பில், டிஎல்எஸ்ஸுக்குத் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல் ஒரு வரியாக இருக்கும். தேவையான பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துப் பாருங்கள். நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் நகல் எடுக்காமல் காற்புள்ளி ஒன்றைத் தின்றுவிட்டு அரை மணி நேரம் அலைந்தேன்.

ஆப்லெட் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டோடு பேசுவதாக இருந்தாலோ, உள்நுழைவு குக்கீயை எதிர்பார்த்தாலோ ஆப்லெட்வியூவர் உதவாது. அப்போது மெய்நிகர் கணினி ஒன்றில் பழைய லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர் (பிளக்-இன்னை இன்னும் ஏற்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), ஆரக்கிள் ஜாவா 8 மூன்றையும் வைக்க வேண்டியதுதான். அங்கும் ஜாவா தடுக்கும்: 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேட் 51 முதல், முறையான கையொப்பம் இல்லாத ஆப்லெட்டை அது ஓட விடாது. ஜாவா கண்ட்ரோல் பேனலில் விதிவிலக்குத் தளங்களின் பட்டியலில் சுவிட்சின் முகவரியைச் சேர்த்தால் வழிவிடும். அந்த மெய்நிகர் கணினிக்கு இணையம் வேண்டவே வேண்டாம். சுவிட்ச் மட்டும் எட்டினால் போதும். ஓட்டை விழுந்த பழைய உலாவி அது.

இவ்வளவுக்கும் முன்னால், சுவிட்சின் முகப்பிலோ பின்புறத்திலோ கன்சோல் என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் இருந்தது. ஒரு சீரியல் கேபிள், 9600 வேகம், சீரியல் கேபிள் வழியே பேச உதவும் மினிகாம் நிரல். மாற்றங்களை இப்போது அதில்தான் செய்கிறேன். ஆப்லெட்டைத் திறப்பது அந்தப் பச்சைப் புள்ளிகளைப் பார்க்க மட்டும்தான்.