ஒரே சீனப் பாகம், இரண்டு 40 சதவீதம்

கேள்வி: வல்லரசுகள் மோதிக்கொள்ளும்போது ஆர்செப் (ஆசியான் நாடுகள், சீனா, ஜப்பான், கொரியா உள்ளிட்ட 15 நாடுகளின் ஒப்பந்தம்) போன்ற வட்டார வாணிப ஒப்பந்தங்களால் சிறிய நாடுகளுக்கு என்ன லாபம்?

நீங்கள் பொருளாதாரம் படிக்கும் மாணவர் என்று நினைக்கிறேன். நான் நிபுணன் இல்லை. மலேசியாவில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை பார்ப்பவன். என் மேசைக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஆர்செப்பைச் ‘சீனாவின் ஒப்பந்தம்’ என்று எழுதுகிறார்களே, அதைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். 2012இல் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான். சீனாவும் ஜப்பானும் அதற்குமுன் தங்களுக்குள் இப்படி ஒரு வரிச் சலுகை ஒப்பந்தம் போட்டதே இல்லை. சிறிய நாடுகள் விரித்த பாயில்தான் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

நாங்கள் கொரியாவுக்கு ஒரு மின்கருவி அனுப்புகிறோம். உள்ளே போகும் பாகமும் முடிந்த பொருளும் ஒரே எச்.எஸ். தலைப்பில் (சுங்கம் சரக்குகளை வகை பிரிக்கும் எண்) வருவதால், வரிச் சலுகைக்குத் தேவையான பிறப்பிடச் சான்றிதழுக்கு மதிப்புக் கணக்கு ஒன்றே வழி: பொருளின் மதிப்பில் 40 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவானது என்று காட்ட வேண்டும். பழைய ஆசியான் - கொரியா ஒப்பந்தத்தில் சீனப் பாகம் அந்நியச் சரக்கு. எப்படிக் கூட்டினாலும் 40 எட்டாது. 2022 மார்ச் 18 அன்று மலேசியாவுக்கு ஆர்செப் நடப்புக்கு வந்தது. சீன சப்ளையரிடம் ஆர்செப் சான்றிதழ் கேட்டு வாங்கினேன். சீனாவும் ஆர்செப் உறுப்பு நாடு என்பதால் அதே பாகம் இப்போது நம் கணக்கில் சேர்ந்தது. சலுகை கிடைத்தது, ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை.

2025இல் அதே கருவியை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது கதை தலைகீழ். மே 6 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கான சான்றிதழை மலேசிய வாணிப அமைச்சு மட்டுமே தரும், வர்த்தகச் சங்கங்கள் தர முடியாது என்றாகிவிட்டது. ஜூலை கடைசியில், வரியைத் தவிர்க்க வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிட்ட சரக்குக்கு 40 சதவீத வரி என்று வாஷிங்டன் அறிவித்தது. கொரியாவுக்கு எங்களைத் தகுதியாக்கிய சீனப் பாகத்தின் பில்லை எடுத்துவைத்து, நாங்கள் சீனச் சரக்குக்குப் பெயர் மாற்றி அனுப்பவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் கன்டெய்னர் நகரவில்லை.

‘அப்படியானால் சீனா பக்கம் போகச் சொல்கிறாயா?’ என்று யாராவது கேட்பார்கள். இல்லை. சீன இறக்குமதியால் நொடித்துப்போன சிறு தொழிற்சாலைகளை எனக்குத் தெரியும். ஆனால் டிபிபி என்ற பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தத்தில் 2016இல் கையெழுத்துப் போட்டுவிட்டு 2017 ஜனவரியில் எழுந்து போனது அமெரிக்கா. மலேசியா உட்பட மீதி 11 நாடுகள்தான் சிபிடிபிபி என்ற புதிய பெயரில் அதைக் காப்பாற்றின.

ஆக லாபம் உண்டு. எங்கள் சரக்கை எந்த விதிப்படி அளப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிகிறது. கொரியா கோப்பில் அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. அமெரிக்கா கோப்பை ஒவ்வொரு அறிவிப்புக்கும் புதிதாகத் திறக்கிறேன்.