ஆவணிக்குள் வாங்கலாமா? கிராபிக்ஸ் கார்டு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். பழைய கார்டு 4கே கோப்புகளுக்குத் திணறுவதால், என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5070 வாங்க 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதன் மேம்பட்ட ‘சூப்பர்’ வகை 18 ஜிபி மெமரியுடன் அதே விலைக்கு வரப்போவதாக யூடியூபில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, ஐயா?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 18 ஜிபி என்பது ஒன்று, அதே விலை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

மெமரியைப் பற்றிய பேச்சைக் கணக்குப் போட்டே சோதித்துவிடலாம். கார்டில் ஒவ்வொரு மெமரி சில்லும் 32 பிட் அகலமுள்ள தரவுப் பாதையில் இணைகிறது. 5070-இன் மொத்தப் பாதை 192 பிட் என்பதால் அதில் ஆறு சில்லுகள் அமர்கின்றன. ஒன்றுக்கு 2 ஜிபி வீதம் இப்போதுள்ள 12 ஜிபி கிடைக்கிறது. 3 ஜிபி சில்லுகளும் கற்பனையல்ல. 2025-இல் வந்த மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 5090, 256 பிட் பாதையில் அத்தகைய எட்டுச் சில்லுகளைக் கொண்டே 24 ஜிபியை எட்டியது. ஆகவே ஆறு சில்லுகளில் 18 ஜிபி என்பது கணக்கில் நிற்கிறது. ஆனால் கணக்கில் நிற்பதெல்லாம் கடைக்கு வந்துவிடுவதில்லை. 2020-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வெளிவந்த சமயத்தில் 20 ஜிபி வகை ஒன்று வரும் என்று பரவலாகப் பேசினார்கள். 320 பிட் பாதை, பத்துச் சில்லு, தலைக்கு 2 ஜிபி என்று அந்தக் கணக்கும் பிசகில்லாமல்தான் இருந்தது. 2022 ஜனவரியில் வந்ததோ 12 ஜிபி வகை. இடைப்பட்ட காலத்தில் கிரிப்டோ மைனிங்குக்காகக் கார்டுகளை அள்ளிச் சென்றதில் விலை எகிறி, காத்திருந்தவர்களுக்குப் பழைய கார்டும் எட்டாமல் போனது.

விலையைப் பற்றிய வதந்தியை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. தயாரிப்பவர்களுக்கே அது கடைசி நேரம் வரை முடிவாகாத ஒன்று. 2019-இல் ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியை 449 டாலர் என்று அறிவித்துவிட்டு, விற்பனைக்கு இரண்டு நாள் முன்னதாக 399 ஆக்கியது. 2022 செப்டம்பரில் 899 டாலர் என்று விலையும் சொல்லி மேடையேற்றிய 4080-இன் 12 ஜிபி வகையை, என்விடியா அடுத்த மாதமே திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி 799 டாலருக்குக் கொண்டுவந்தது. டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்து மகிழ்வதும் வேண்டாம். 549 டாலர் என்று அறிவித்த 5070-க்கு இங்கே சொன்ன விலை 59,000 ரூபாய், அதாவது டாலருக்கு ஏறக்குறைய 107 ரூபாய். அமெரிக்காவில் வரி சேராத விலையைச் சொல்கிறார்கள், நாம் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

உங்கள் தொழிலுக்கு ஆடி ஓய்வு, ஆவணி முகூர்த்தம் வந்தால் தூக்கமில்லை. இப்போதே உங்கள் கனமான ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, டாஸ்க் மேனேஜரின் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பகுதியில் கார்டின் சொந்த மெமரி நிரம்பி, கணினியின் பகிர்ந்த மெமரிக்கு எவ்வளவு வழிகிறது என்று கூட்டிப் பாருங்கள். அது 12 ஜிபிக்குள் அடங்கினால் இந்த வாரமே கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகலாம். அடங்காவிட்டால், வேகம் சற்றுக் குறைந்தாலும் 16 ஜிபி உள்ள 5060 டிஐ உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: இன்னும் வெளிவராத கார்டு இந்தியாவுக்கு இறக்குமதியானதாக, ரூபாய் மதிப்புடன் கூடிய சுங்கப் பதிவின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதுதான் விற்பனை விலையா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: பதிவு மெய்யாகவே இருக்கலாம். ஏஎம்டி, என்விடியா இரண்டுக்கும் ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் பொறியியல் மையங்கள் இருப்பதால், சோதனை போர்டுகள் நம் நாட்டுச் சுங்கத்தைக் கடந்து வருவது வியப்பல்ல. ஆனால் துறைமுகத்தை ஒட்டி வாழும் உங்களுக்கு, பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதிப் பதிவில் எழுதும் மதிப்பு சுங்க வரியைக் கணக்கிடத்தான் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளியரிங் ஏஜென்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவரைக் கேட்டாலும், விற்பனைக்கே வராத மாதிரிப் பொருளுக்கும் ஒரு மதிப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்பார்கள். ஏதோ ஒன்று சோதனையில் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் படத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது.

கேள்வி: அடுத்த தலைமுறைக் கார்டு 600 வாட் இழுக்குமாம். இப்போதே 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாங்கி வைக்கட்டுமா?
– ஒரு கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: வேண்டாம், தம்பி. என்விடியாவின் 4090-க்கும் 600 வாட் என்றுதான் 2022-இல் பரவலாகப் பேசினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கார்டுக்கு 450 வாட் என்றே குறித்திருந்தார்கள். அதுவும் வரிசையின் உச்சியில் உள்ள கார்டு. நீங்கள் வாங்கப்போவது அதுவா என்பதை முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கார்டு வாங்கும் அன்று, கார்டின் பெட்டியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கென அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் பார்த்து வாங்கினால் போதும்.