நோட்டு ஓரத்தில் படம் வரைகிற மகளை என்ன படிக்க வைப்பது?

பள்ளி இறுதியாண்டு மகள் பாடத்தை மனப்பாடம் செய்யாமல் நோட்டு ஓரத்தில் வரைந்துகொண்டே இருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று அவள் மாமா அடித்துச் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய பக்கத்தை மறுபடி பாருங்கள். ரத்த ஓட்டம் முழுவதையும் நாலு பெட்டி, ஆறு அம்புக்குறியில் அடக்கியிருக்கிறாள். அதைக் கவனச்சிதறல் என்பது தவறு. அவள் படிக்கிற விதமே அதுதான். நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது மாமா இல்லை, அவள்.

பொறியியல், மருத்துவம் பற்றி ஊரே சொல்லும். யாரும் சொல்லாதது தகவல் வடிவமைப்பு: பாடநூல் படங்கள், இயந்திரக் கையேடுகள், நோயாளிகளுக்கான விளக்கப்படங்கள், செய்தி வரைபடங்கள். 1933-ல் வெளிவந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் போட்ட ஹாரி பெக் ஓவியர் அல்ல, மின்சுற்று வரைவாளர். நிஜத் தூரத்தைக் கைவிட்டு, கோடுகளைக் கிடையாக, செங்குத்தாக, 45 டிகிரியில் மட்டும் ஓடவிட்டார். எங்கே ரயில் மாறுவது என்பதுதானே பயணிக்கு வேண்டும்? எதை விடலாம் என்று தெரிவதே இந்தத் தொழிலின் பாதி.

முதலில் எட்டு வாரம் சோதித்துப் பாருங்கள். கணினியில் கோடும் வடிவமும் வரைய உதவும் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் போதும், இலவசம். முதல் இரண்டு வாரம் கறுப்பு மட்டும். நிறம் வந்துவிட்டால் வடிவத்தின் குறை மறைந்துபோகும். ஒரு சாவி வரையட்டும்: பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்தைக் கழி, நீளச் செவ்வகத்தைச் சேர், பற்களுக்குச் சின்னச் சதுரங்களைக் கழி. எந்தப் பொருளையும் கூட்டல் கழித்தலாகப் பார்க்கக் கண் பழகுவது இங்கேதான்.

அடுத்து பேனா கருவி, அதாவது புள்ளிகள் வைத்துக் கோடு இழுக்கும் கருவி. இலை ஒன்றுக்குக் காம்பிலும் நுனியிலும் இரண்டே புள்ளி போதும், மற்றதைப் புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிகள் வளைத்துக்கொள்ளும். புதியவர்கள் இருபது புள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் கோட்டைத் தன் திசைக்கு இழுப்பதால் விளிம்பு மேடும் பள்ளமுமாகும். குறைத்தால்தான் வளைவு சீராகும்.

பிறகு அவளுடைய அந்த ரத்த ஓட்டப் படத்தையே திரையில் செய்யட்டும். அதற்கு முன், படம் என்ன சொல்லவேண்டும் என்று காகிதத்தில் ஒரே வாக்கியம் எழுதவேண்டும். முடித்ததும் உயிரியல் படிக்காத ஒருவர் நுரையீரலிலிருந்து உடல்வரை விரலால் தொடர்ந்து போகட்டும். விரல் தயங்குகிற இடத்தில் படம் தப்பு. ஆயத்த டெம்ப்ளேட் வேண்டாம். எது பெரிது, எது சிறிது என்ற முடிவை அதில் வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்.

செலவில் கண்டிப்பாக இருங்கள். கணினியோடு இணைக்கும் வரைபலகை இப்போது தேவையில்லை, மவுஸ் போதும். கடன் வாங்கி மல்டிமீடியா வகுப்பில் சேர்க்கவே கூடாது. மென்பொருளில் மெனு எங்கே இருக்கிறது என்பதைக் கற்க அவ்வளவு பணம் வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும் விஷயம்.

எட்டு வாரத்துக்குப் பிறகு யாரும் சொல்லாமலே இங்க்ஸ்கேப்பைத் திறக்கிறாளா என்று பாருங்கள். திறக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள், இந்தப் பாதை அவளுக்கு இல்லை. திறந்தால், தவறிப்போன வரைவுகளையும் தேதி போட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள். வடிவமைப்புப் படிப்புக்கான நேர்காணலில் முடிந்த படத்தைவிட அது எப்படி மாறி வந்தது என்பதைத்தான் துருவிக் கேட்பார்கள்.